ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போன ஷூ

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், எந்த வேலைக்கும் மனுப் போடாமல் நான் சுற்றிக்கொண்டிருந்த நேரம். மனுப் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, ரிக் லாரி. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நிலத்தை அடமானம் வைத்து, சிநேகிதர்களோடு கூட்டுச் சேர்ந்து, ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் ரிக் லாரி ஒன்றை வாங்கியிருந்தார். தை பிறந்தால் அது வடக்கே கிளம்பிவிடும். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பாறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்த் துளை போட்டுவிட்டு, மழை ஆரம்பித்த பிறகுதான் ஊர் திரும்பும். அதில் ஏறிப் போக வேண்டும், ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒரு நாள் நானே ஒரு ரிக்கை நடத்த வேண்டும். படித்தவன் லாரியில் போவதா என்று ஊரே சிரித்தது. எனக்கு அந்தக் கம்ப்ரஷர் சத்தம் கேட்டாலே கால் தரையில் நிற்காது.

அந்தக் காலில்தான் அடி விழுந்தது. தம்மம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது, லாரியில் அடுக்கி வைத்திருந்த இரும்பு ராடு ஒன்று உருண்டு வந்து என் இடது கணுக்காலில் இறங்கியது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் அப்போது இல்லை. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது.

அதிலிருந்து இரண்டு வருஷம் அந்த வலியோடு வாழ்ந்தேன். அதை எப்படிச் சொல்வது? பல் வலி என்றால் துடிக்கலாம், காய்ச்சல் என்றால் படுக்கலாம். இது இரண்டுக்கும் விடாது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது, மூட்டுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டு மிதிக்கச் சொல்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் பழகும், இன்னும் கொஞ்சம் நடந்தால் வீங்கும். உட்கார்ந்தால் விறைக்கும், நின்றால் இறுகும். ஓர் இடத்தில் இருக்க முடியாதவனுக்கு ஓர் இடத்திலும் இருக்க விடாத வலி. சினிமாக் கொட்டகையில் பாதிப் படத்துக்கு எழுந்து வெளியே வந்து நடப்பேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் எழுந்து நிற்பேன். நின்றவுடனே எதற்கு எழுந்தோம் என்று இருக்கும்.

அந்த வருஷம் ஆடியில் மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, ஒத்தக் கால வெச்சுட்டு உன்னைய நான் ரிக்குல ஏத்த மாட்டேன். பாதி வழியில நீ உக்காந்துட்டா உன்னைத் தூக்கறதா, ராடத் தூக்கறதா? மொதல்ல சேலத்துல ஒரு எலும்பு டாக்டரப் போய்ப் பாரு."

பார்க்கிறேன் என்று உடனே கிளம்பினேன். அம்மா விடவில்லை. கல்லூரி விழாவுக்கு வாங்கிய பெல்பாட்டம் பேண்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். கூடவே அதற்கென்று வாங்கிய கறுப்பு ஷூவையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தார். அப்போதைய மோஸ்தர்படி குதி நன்றாக உயர்ந்த ஷூ. விழாவுக்குப் பிறகு நான் அதைப் போட்டதே இல்லை.

"இது எதுக்கும்மா? கால் வீங்கிக் கெடக்குது."

"நல்லாத் துணி உடுத்திட்டுப் போ சாமி. தோட்டத்துல இருந்து எந்திரிச்சு வந்தவனாட்டப் போனா, ஆரு உன்னைய மதிச்சு வைத்தியம் பாப்பாங்க?"

இதை நீங்கள் சிரித்துத் தள்ள முடியாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். தோட்டத்தில் கோவணத்தோடு மாடு ஓட்டுகிறவர்கூட ஆஸ்பத்திரி என்றால் சலவை வேட்டியும் கடிகாரமும் இல்லாமல் போக மாட்டார். நல்ல துணியில் போகிறவனுக்கு நல்ல வைத்தியம் என்பது அனுபவத்தில் கண்டதுதான். நானும் அடம்பிடிக்கவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, குதிகாலின் வெடிப்பையும் செம்மண்ணையும் கல்லால் தேய்த்துக் கழுவி, ஷூவைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன்.

டாக்டர் நல்லவர். நிதானமாகப் பேசுகிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, கணுக்கால் மூட்டில் வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது என்று விளக்கினார். அப்படியே விட்டுவிட்டு, மாத்திரையும் இறுக்கமான கட்டுமாகக் காலம் தள்ளலாம், ஆனால் தேய்மானம் நிற்காது. இல்லையென்றால் மூட்டைத் திறந்து, துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைச் செதுக்கிச் சுத்தம் செய்யலாம். சீக்கிரம் நடக்கலாம், ஆனால் வலி திரும்பி வராது என்று அவரால் சொல்ல முடியாது. கடைசி வழி, மூட்டையே இல்லாமல் செய்வது. இரண்டு எலும்பையும் சேர்த்து ஒரே எலும்பாக ஒட்ட வைப்பது. வலி போய்விடும். கணுக்கால் அதற்குப் பிறகு ஆயுசுக்கும் மடங்காது.

நான் விடுவேனா? நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்ததை எடுத்துப் போட்டேன். வெளிநாட்டில் உலோகத்தில் மூட்டுச் செய்து வைக்கிறார்களாமே?

"வெக்கறாங்க. உன் வயசுல, நீ ஓடற ஓட்டத்துக்கு, அது சீக்கிரம் ஆட்டம் கண்டுடும். அப்புறம் அதையும் எடுக்கணும்" என்றார். பிறகு என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மூட்டை ஒட்டிட்டா எப்படி இருக்கும்னு வெட்டாமலே பாக்கலாம். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பறேன். சில வாரம் வழக்கம்போல நடமாடு. வலி அடங்குதான்னு பாப்போம்" என்றார்.

முழங்காலுக்குக் கீழிருந்து விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு. நடப்பதற்காக அடியில் ஒரு ரப்பர் குதி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே நான் பரீட்சையை ஆரம்பித்துவிட்டேன். மாடி ஏறினேன், இறங்கினேன், சந்தைக்குப் போய் வந்தேன். ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆனால் வலி? போயே போய்விட்டது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். படம் சுமார்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டேன். கட்டைப் பிரிக்கப் போன அன்றே, ஒட்டிவிடுங்கள், நாளைக்கே செய்தாலும் சரி என்று சொன்னேன். நாளைக்கு முடியாது, ஐப்பசியில் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் பையிலிருந்து ஷூவை எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பவும் இந்த மாதிரி ஷூதான் போடறதா?"

ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்வது? பி.எஸ்ஸி. படித்தவன், பெல்பாட்டம் போட்டவன். எப்போதும் வெறுங்கால், மிஞ்சிப்போனால் ரப்பர் செருப்பு என்று எப்படிச் சொல்வது? அவர் என்னை அந்த ஷூவோடு நேராக நிற்க வைத்து, பக்கவாட்டில் ஒரு தகட்டை வைத்து எதையோ அளந்து குறித்துக்கொண்டார். எதை அளந்தார் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார், "இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தர் ராசிபுரத்துல இருக்காங்க. நெய் வியாபாரம். யாரு வந்து பாத்தாலும் பேசுவாங்க. நீ போற வழிதானே, பாத்துட்டுப் போ. அப்புறமும் மனசு மாறலைன்னா அட்மிட் ஆகலாம்."

மனசு மாற என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் ராசிபுரத்தில் இறங்கினேன். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருமுனையிலேயே வெண்ணெய் உருக்கும் வாசனையும் முருங்கைக்கீரை பொரியும் வாசனையும் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போயின. உள்ளே பெரிய அடுப்பில் கொப்பரை. பக்கத்து ஊர்களிலிருந்து வாழையிலையில் வெண்ணெய் பொதிந்து கொண்டுவந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கும், ஒரு அக்கா இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். உருண்டையைக் கிள்ளிப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து, "ஏனுங்க, இது நேத்து வெண்ணெயா, போன வாரத்து வெண்ணெயா? உங்க எருமைகிட்டயே கேட்டுட்டு வாங்க" என்று ஒரு பெண்ணைச் சீண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் விடவில்லை. "எரும பொய் சொல்லாதுங்க, உங்க மூக்குத்தான் சொல்லும்" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

நான் டாக்டர் அனுப்பிய விவரத்தைச் சொன்னேன்.

"வா சாமி, உக்காரு. இல்ல, உக்கார வேண்டாம், நின்னு பாரு. அதுக்குத்தானே வந்தே?" என்றார்.

பார்த்தேன். வாசல் வரைக்கும் நடந்தார், திரும்பினார், படியில் இறங்கினார், ஏறினார். எந்தக் கால் என்றே எனக்குத் தெரியவில்லை. மடங்காத கணுக்கால் என்று யார் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிமிஷம் என் மனசில் ரிக் லாரி சேலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் பண்ணின மாதிரியே தெரியலீங்க்கா."

"வலி துளி இல்ல. அந்த டாக்டர் என்னைப் பொறுத்த வரைக்கும் சாமி" என்றார். உடனே அடுப்பைப் பார்த்தவர், "இரு, வெளக்குக்கு நெய் ஊத்தீட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, உள் அறை நிலைப்படியில் செருப்பைக் கழற்றி வைத்தார்.

அந்த நிலைப்படியைத் தாண்டியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். வலது கால் குதி தரையில் படவே இல்லை. விரல்களை ஊன்றி, முழங்காலைப் பின்னால் தள்ளி, ஒரு பக்கம் எழும்பி எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு சாமி படம் வரைக்கும் போனார். போய் நெய் ஊற்றிவிட்டு, அதே போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். செருப்பை மாட்டினார். மறுபடியும் பழைய நடை.

நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். குதி உயர்ந்த செருப்பு. ஆனால் தெருவில் போட்டு நடந்த செருப்பு இல்லை. அதன் வாரில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

"என்ன அப்படிப் பாக்கறே? நெய் உருக்கற எடத்துல செருப்புப் போடக் கூடாதுன்னு எங்க ஊட்ல பெரிய சண்டை. லச்சுமி போயிருவாளாம். அப்பறம் இது வெளிய போகாத செருப்புன்னு தனியா வாங்கி, ஆயுத பூசைக்குத் தராசோட சேத்துப் பொட்டும் வெச்சாச்சு. இப்ப இதுவும் தராசாட்டம்தான். இது இல்லாட்டி கடை இல்ல."

"செருப்பு இல்லாட்டி ஏனுங்க்கா நடக்க முடியல?"

அவர் சிரித்தார். தன்னைப் பற்றிய நல்ல நகைச்சுவையைப் பல பேருக்குச் சொல்லிப் பழகியவரின் சிரிப்பு.

"அதா? மூட்டை ஒட்டறப்ப ஏதாச்சும் ஒரு சாய்வுல வெச்சுத்தானே ஒட்டோணும். அதுக்கப்பறம் அந்தச் சாய்வுதான் சாகற வரைக்கும். நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்பெல்லாம் சேலத்துக்குப் போறோமேன்னு பட்டுச் சேலை கட்டிட்டு, புதுசா வாங்கின குதி வெச்ச செருப்பப் போட்டுட்டுப் போவேன். டாக்டர் கேட்டாரு, எப்பவும் இதான் போடுவீங்களாம்மான்னு. நெய்க்கடைக்காரி செருப்பே போட மாட்டான்னு சொன்னா கேவலம்ல? ஆமாங்கன்னேன். அந்த மனுசன் நான் சொன்னதை நம்பி, அந்தச் செருப்புக்குத் தக்கன குதி மேலயும் விரல் கீழயுமாப் பாதத்தச் சாய்ச்சு வெச்சுட்டாரு. அவரு மேல என்ன தப்பு?"

வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் இந்தக் கதை தெரியும் போலிருக்கிறது.

"இப்போ முழங்கால் வலிக்குது. கோயிலுக்குள்ள போறது சிரமம். மறுக்கா வெட்டிச் சரி பண்ணலாம்னுதான் சொல்றாரு. மாசக் கணக்காப் படுத்தா கடைய ஆரு பாக்கறது?" என்றார். அப்புறம்தான் என் காலைப் பார்த்தார். கறுப்பு ஷூ, எண்ணெய் தொட்டுத் துடைத்தது, மின்னிக்கொண்டிருந்தது.

"உனக்கென்ன சாமி, படிச்ச பையன். நெதமும் பூட்ஸுதான் போடுவே."

ஆமாங்க என்று சொல்வதற்கு என் வாய் திறந்தே விட்டது. அதே பதில். சேலத்தில் ஒருமுறை சொன்னது, இங்கேயும் தானாக வருகிறது. பாதியில் நிறுத்தினேன். டாக்டர் வைத்து அளந்த தகடு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டர் எதை அளந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. மாவுக்கட்டில் வலியில்லாமல் ஊரெல்லாம் நடந்தேனே, அதுவும் அடியில் இருந்த ரப்பர் குதியின் தயவுதான், வெறுங்கால் நடை இல்லை என்பதும் புரிந்தது. என் கால் ஐப்பசியில், நான் ஒரு நாள் விழாவுக்கு வாங்கிய ஷூவுக்குத் தகுந்தபடி ஆயுசுக்கும் சாய்ந்துவிட இருந்தது.

"இல்லீங்க்கா, நான் செருப்பே போடறதில்ல" என்றேன்.

"அப்பறம் எதுக்கு இதை மாட்டிட்டு வந்தே?"

"ஆஸ்பத்திரிக்குப் போறமேன்னு."

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கொப்பரையைக் கிளறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "அதை அவருகிட்டப் போய்ச் சொல்லு. ஓடு" என்றார்.

ஊருக்கு வந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒட்டுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி என்று அதுவரை நினைத்திருந்தேன். எந்தச் சாய்வில் என்பதுதான் உண்மையான கேள்வி என்று ஆனதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டி வந்தது. மூங்கில் பத்தைகளையும் துண்டையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முதலில் ஷூவில் நிற்பது போலப் பாதத்தைக் கீழே சாய்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு உழுத மண்ணில் வெறுங்காலோடு நடந்தேன். நாலடி போவதற்குள் விரல் மண்கட்டியில் இடறி முகம் குப்புற விழுந்தேன். பிறகு பாதத்தைத் தரைக்குச் சமமாக வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். மாடு மாதிரி நடந்தேன் என்று வரப்பில் நின்று பார்த்த அம்மா சொன்னார், ஆனால் விழவில்லை.

அடுத்தது கிளச். மாமா வீட்டுக் களத்தில் ரிக் லாரி நின்றிருந்தது. கட்டிய காலோடு சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். மாமா கீழே நின்று வேடிக்கை பார்த்தார்.

"மாமா, கிளச்ச பூட்ஸ் போட்டு மிதிக்கலாமா?"

"ஆரு மிதிப்பா? வெறுங்காலுக்குத்தான் கிளச்சு எங்க பிடிக்குதுன்னு தெரியும். பூட்ஸுக்கு என்ன தெரியும்?" என்றார். பிறகு, "அது சரி மாப்ளே, உன் கால் என்ன மாங்கொட்டையா, பத்தை வெச்சுக் கட்டி மொளைக்க வெக்கற?" என்று கேட்டார்.

சமமாகக் கட்டிய காலில், கணுக்காலை மடக்காமல் முழங்காலிலிருந்தே அழுத்தினால் கிளச் முழுக்க இறங்கியது. சாய்த்துக் கட்டிய காலில், விரல்தான் பெடலைத் தொட்டது, சறுக்கியது. திரும்பத் திரும்ப மிதித்தேன். மாமா பேட்டரி போய்விடப் போகிறது என்று கத்தினார். வண்டியை ஸ்டார்ட்டே பண்ணவில்லை என்றேன். இருந்தாலும் இறங்கு என்றார்.

மறு வாரம் சேலத்துக்குக் கிளம்பினேன். இந்தத் தடவை தோட்டத்து வேட்டி, தோளில் துண்டு, தேய்ந்த ரப்பர் செருப்பு. காலைக் கழுவவில்லை. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இப்படிப் போனா உன்னைய வரிசையில கடைசியிலதான் நிக்க வெப்பாங்க."

அம்மா சொன்னது நடந்தது. முன்பு என்னைத் தம்பி என்று அழைத்து உட்கார வைத்த நர்ஸம்மா, இன்று, "ஏப்பா, அப்படிப் போய் நில்லு" என்று சுவரோரம் காட்டினார். காலையில் போனவன் மதியத்துக்குத்தான் உள்ளே போனேன். அம்மாவின் கணக்கு சரி. பளபளப்பாகப் போனால் மரியாதை கிடைக்கிறது. ஆனால் அந்த மரியாதை என் காலுக்குக் கிடைக்கவில்லை, ஷூவுக்குக் கிடைத்தது.

டாக்டருக்கும் என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, செம்மண் ஒட்டிய, வெடித்த பாதத்தோடு தரையில் நின்றேன். தோட்டம், ரிக், ராடு, கிளச், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ராசிபுரத்தில் பார்த்ததையும் சொன்னேன்.

"அன்னைக்குக் கேட்டேனே, ஏன் சொல்லலே?"

"நீங்க கேட்டப்ப நான் ஷூ போட்டிருந்தேன் சார்" என்றேன்.

அவர் எழுந்து வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய டாக்டர், மொசைக் தரையில். நடக்கச் சொன்னார், முடிந்தவரை குந்தச் சொன்னார். ஒரு ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் காலைக் கிளச்சாக நினைத்து மிதித்துக் காட்டச் சொன்னார். பழைய குறிப்பை அடித்துவிட்டு, வெறுங்காலில் மறுபடி அளந்தார். "தரைக்குச் சமமா வெக்கறேன். குந்தி உக்காரறது கஷ்டம்தான், அதுக்கு நீதான் வழி கண்டுபிடிக்கணும். மேடு ஏறறப்பத் தெரியும். சரியா?" என்றார். இழக்கப் போவது என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டுச் சரி என்றேன். போன தடவை சொன்ன சரியைவிட இது மெதுவாக வந்தது.

தீபாவளி எண்ணெய் வாசனையும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனையுமாக அந்த ஐப்பசியில் ஆபரேஷன் முடிந்தது. எலும்பு ஒட்டுவதற்கு என் அவசரம் எல்லாம் தெரியாது. அது தன் போக்கில்தான் ஒட்டியது. தை பிறந்து, ரிக் லாரி எங்கள் வீதி வழியாக வடக்கே கிளம்பியபோது நான் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தேன். மாமா வேண்டுமென்றே ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போனார். எரிச்சலில் தலையணையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். எடுத்துக் கொடுக்க அம்மாதான் வர வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அந்த லாரியில் நானும் இருந்தேன். ராசிபுரம் வந்ததும் மாமாவிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த நெய்க்கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நொண்டி ஓடினேன். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலில் கடைக்குள் ஒரு நடை நடந்து காட்டினேன். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் பாதத்தையே பார்த்தார். குதி தரையில் படுவதைப் பார்த்தார்.

"நீ பொழச்சுக்கிட்டே சாமி" என்றார். சொல்லிவிட்டு, சந்தனப் பொட்டு வைத்த தன் செருப்பை ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தார். பிறகு பழைய குரலில், "அந்தப் பூட்ஸ என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"அம்மா பத்திரமா வெச்சிருக்காங்க. எனக்குப் பொண்ணு பாக்கப் போறப்பப் போடோணுமாம்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு தூக்குப் போசியில் நெய் ஊற்றிக் கொடுத்து, வடக்கே சோற்றுக்கு நெய் கிடைக்காது என்று சொல்லி அனுப்பினார்.

இன்றைக்கும் மேடு ஏறும்போது பக்கவாட்டில்தான் ஏறுகிறேன். வெட்டவெளியில் குந்த வேண்டியிருக்கும் வடநாட்டுக் காலைகளில் எனக்கென்று ஒரு கல் தேடி வைத்துக்கொள்கிறேன். வலி இல்லை. அந்த அக்காவின் வலது கால் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் தன் கதையைச் சிரித்துச் சொல்லியிருக்காவிட்டால் என் காலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அதனால்தான், எந்த ஆபீஸ் படி ஏறினாலும், எவர் எதிரில் நின்றாலும், உன் வழக்கம் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை குனிந்து என் காலில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.